வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா: பள்ளத்தூரில் உட்கார்ந்து போட்ட கணக்கு

சித்தப்பா மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், தலைப்பிரசவத்துக்குப் பள்ளத்தூர் வருகிறாள். வந்து ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாளாம். பயிற்சி பெற்ற மிட்வைஃப் ஒருவரை அங்கிருந்தே கூட்டிவந்து, பின்கட்டு அறையிலேயே பெற்றுக்கொள்வாளாம். சித்தி ஒப்பாரி வைக்காத குறை. சித்தப்பா போனை எடுப்பதில்லை. அப்பத்தா மட்டும் "நாங்கள்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்?" என்று பேத்தி பக்கம் சாய்ந்துவிட்டார். "அக்கா, நீ ரெண்டையும் பாத்தவ, நீ சொல்லு" என்று என்னிடம் வந்து நிற்கிறாள். மூத்தவனைத் தனியார் நர்சிங் ஹோமிலும் இளையவளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெற்றவள் நான், அவள் சொன்ன ரெண்டு அதுதான். அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பிரசவத்துக்கு ஊர் திரும்புகிற பிள்ளைகளில் சிலர் இப்போது இதே கேள்வியோடுதான் வருகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டுப் பிரசவம் என்று மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, அப்பத்தா காலத்து மருத்துவச்சி. இரண்டு, படித்துப் பதிவு செய்த மிட்வைஃப். மூன்று, யாருமே இல்லாமல் புருஷனும் ஒரு போனும். மூன்றாவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் ரத்தம் நிற்காமல் இறந்துபோனார், ஊரே பேசியது. அதற்குப் பிறகும் வாட்ஸப் குழு வைத்து ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிறார்கள். தைரியத்தால் ரத்தம் நிற்காது. இதை ஒரு வழியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மருத்துவச்சியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அப்பத்தா சொல்வதில் பாதி உண்மை. நம்ம ஊர்களில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகள். வலி எடுத்ததும் ஆள் அனுப்பினால் வந்துவிடுவார்கள், பிள்ளை பிறக்கும்வரை பக்கத்தை விட்டு நகர மாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியை நடக்க விடுவது, உத்தரத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு குத்தவைக்கச் சொல்வது, இடுப்பில் விளக்கெண்ணெய் தேய்ப்பது, வாய் நனைக்கக் கஞ்சி கொடுப்பது. இதில் பலதை உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலிலும் பார்க்கலாம்: கூட ஒரு துணை இருக்க வேண்டும், நடமாட விட வேண்டும், எந்த நிலையில் பெறுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும், கருப்பை வாய் மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்கவில்லை என்று சொல்லி அவசரப்படுத்தக் கூடாது, எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரித்துத் தையல் போடக் கூடாது. அப்பத்தாவுக்கு இதெல்லாம் தெரிந்தால் இன்னும் சத்தமாகப் பேசுவார்.

ஆனால் அப்பத்தா பெற்றது ஒன்பது, தங்கியது ஆறு. தங்காத மூன்றில் ஒன்று ஏழாம் நாள் ஜன்னி வந்து போனது என்று அவரே சொல்வார், யாரோ கண் வைத்துவிட்டதாக இன்றுவரை நம்புகிறார். கொப்பூழ்க்கொடியை எதைக் கொண்டு அறுத்தார்கள், அதன்மேல் என்ன சாம்பலை வைத்தார்கள் என்று கேட்டால் காரணம் புரிந்துவிடும். அது வில்வாத ஜன்னி, டெட்டனஸ். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, ஆஸ்பத்திரிப் பிரசவம் எல்லாம் சேர்ந்துதான் 2015-ல் இந்தியாவில் பச்சைக் குழந்தை டெட்டனஸை ஒழித்தாயிற்று என்று அறிவிக்க முடிந்தது. அதோடு, இன்றைக்கு அந்த மருத்துவச்சி எங்கே இருக்கிறார்? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். மாதம் நாலு பிரசவம் பார்த்த கைக்கு இருந்த தெளிவு, வருஷத்துக்கு ஒன்றுகூடப் பார்க்காத கைக்கு வராது. யாராவது "எங்க ஊர்ல ஒரு ஆயா இருக்கு, நல்லாப் பாக்கும்" என்றால், கடைசியாக எப்போது பார்த்தது என்று கேளுங்கள்.

ஆக, உண்மையான போட்டி படித்த மிட்வைஃபுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில்தான். தங்கச்சி எனக்கு அனுப்பிய கட்டுரைகள் எல்லாம் இங்கிலாந்து, ஹாலந்து கதைகள். சரி, அந்தக் கணக்கையே பார்ப்போம். இங்கிலாந்தில் 64,000-க்கும் மேற்பட்ட, சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு 2011-ல் வந்தது. ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவர்களுக்கு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குழந்தை விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, தாய்க்கு ஆபரேஷனும் மற்ற தலையீடுகளும் வீட்டில் குறைவு. தலைப்பிரசவம் மட்டும் வேறு மாதிரி: குழந்தை இறப்பது, மூளை பாதிப்பது போன்ற மோசமான விளைவுகள் ஆஸ்பத்திரியில் 1,000-க்கு 5.3, வீட்டில் 9.3. இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதைத்தான் யாரும் பகிர்வதில்லை. வீட்டில் பெறுவது என்று ஆரம்பித்த தலைப்பிரசவக்காரர்களில் 100-க்கு 45 பேர் பாதியிலோ பெற்ற கையோடோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே பெற்றவர்களில் 12 பேர்.

கிட்டத்தட்டப் பாதிப் பேர். அங்கே மாற்றப்படுகிறவர்களுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மிட்வைஃப் அரசு மருத்துவ அமைப்பின் ஆள், பிரசவ நேரத்தில் இரண்டு பேராக நிற்பார்கள், ஒருவர் தாய்க்கு, ஒருவர் பிள்ளைக்கு. ஆக்ஸிஜன், ஊசி மருந்து எல்லாம் கையில். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பது முன்பே பேசி வைத்தது, அங்கே இவளுடைய ஃபைல் இருக்கும், "ஏன் வீட்டில் வைத்திருந்தீர்கள்" என்று யாரும் வாசலில் நிறுத்தி வைத்துத் திட்ட மாட்டார்கள். நம்ம நாட்டில் மத்திய அரசு 2018-ல்தான் மிட்வைஃபுக்குத் தனியாக 18 மாதப் பயிற்சி என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது, அதுவும் அரசு மருத்துவமனைக்குள்ளேயே அவர்கள் தலைமையில் பிரசவப் பிரிவு நடத்துவதற்காக. வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கான ஏற்பாடு என்று எதுவும் கிடையாது. பெங்களூரில் மிட்வைஃப்கள் நடத்துகிற பிரசவ மையங்கள் இருக்கின்றன, பின்னால் டாக்டரும் இருக்கிறார். தங்கச்சி அங்கேயே இருந்து அப்படி ஒரு மையத்தில் பெறுகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் மறுபேச்சு பேசியிருக்க மாட்டேன். அங்கிருந்து மிட்வைஃபை மட்டும் பிய்த்துக்கொண்டு பள்ளத்தூருக்கு வந்தால், அவருக்குப் பின்னால் இருந்ததெல்லாம் பெங்களூரிலேயே நின்றுவிடுகிறது.

அவளை நான் உட்காரவைத்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ராத்திரி 2 மணி, பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், கருப்பை மட்டும் சுருங்கவில்லை. அப்புறம் என்ன? நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு 500 மில்லிக்கு மேல் ரத்தம் போய்வருகிறது. சுருங்காவிட்டால் திறந்த குழாய்தான். பிரசவத்துக்குப் பின் வரும் இந்த ரத்தப்போக்கு, எந்த ஆபத்துக் குறியும் இல்லாத பெண்ணுக்கும் வரும், ஸ்கேனில் தெரியாது, யோகா செய்தவளா செய்யாதவளா என்று பார்க்காது. கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். நல்ல மிட்வைஃப் இருந்தால் பிள்ளை வெளியே வந்த ஒரு நிமிஷத்துக்குள் கருப்பையைச் சுருங்கவைக்கிற ஆக்ஸிடோசின் ஊசி போட்டிருப்பார், வயிற்றை அழுத்தித் தேய்ப்பார், அதிலேயே நிறையப் பேருக்கு நின்றுவிடும். (அந்த மருந்து 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில், கரண்ட் போய்ப்போய் வருகிற வீட்டில், ஃபிரிட்ஜில் மல்லிப்பூவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் அது இருக்கும்.) நிற்காதவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வந்து, பின்கட்டிலிருந்து வாசல்வரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் காரைக்குடிக்குப் போய், அங்கே ரத்த வகை பார்த்துப் பாட்டில் கொண்டுவந்து மாட்டும்வரை கணக்குப் போடுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும். கோனாபட்டு மாதிரி உள்ளே தள்ளி இருக்கிற ஊர் என்றால் இன்னும் கூட.

பிள்ளை பக்கம் இதைவிடக் குறுகிய கணக்கு. பத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சு தொடங்க ஏதாவது உதவி தேவைப்படுகிறது, துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே பெரும்பாலும் அழுதுவிடும். அழாததற்கு முதல் நிமிஷத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும். அதே நிமிஷத்தில் தாய்க்கு ஊசியும் போட வேண்டும். ஒரே ஒரு ஆள் வந்திருந்தால் யாரைப் பார்ப்பார்?

இத்தனைக்கும் பிறகு அவள் ஏன் வீடு வேண்டும் என்கிறாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மூத்தவன் பிறந்தபோது நான் போன தனியார் இடத்தில், பேர் வேண்டாம், உள்ளே போனதும் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். எதற்கு என்று சொல்லாமல் டிரிப் ஏற்றி வலி வர மருந்து கலந்தார்கள். மல்லாக்கப் படுத்தபடியே பகல் முழுக்க. தண்ணீர் கேட்டதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது. கத்தரித்தது எனக்குத் தெரியும், ஏன் கத்தரித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மரியாதை இல்லாத இடத்துக்கு மறுபடி போக யாருக்குத்தான் மனசு வரும்.

தனியார் பக்கம் இன்னொரு எண்ணையும் சொல்லியாக வேண்டும். அதே தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசில் 36 சதவீதம். அரசிலேயே அது அதிகம்தான் என்பேன். "தண்ணி கம்மியா இருக்கு", "கொடி சுத்தியிருக்கு", "தலை இறங்கல" இந்த மூன்றில் ஒன்றைக் கேட்காமல் வெளியே வந்தவர்கள் என் வயதில் குறைவு. இவை நிஜமான காரணமாகவும் இருக்கும், அவசரத்துக்குச் சொன்னதாகவும் இருக்கும், ராத்திரி 11 மணிக்குக் கையெழுத்துக் கேட்கும்போது நமக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாப் பழியையும் டாக்டர் தலையில் போடவும் முடியாது. நல்ல நட்சத்திரம், நல்ல நேரம் என்று ஜோசியரிடம் குறித்துக்கொண்டு வந்து நிற்கிற மாமியார்களும் நம்ம பக்கம்தான் இருக்கிறார்கள். மாலை போட்டுப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று கொடி சுற்றிய பிள்ளையை ஆபரேஷன் செய்யச் சொல்லிக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தனியார்தான் என்று முடிவானால், போன வருஷம் அவர்கள் பார்த்த தலைப்பிரசவங்களில் எத்தனை சிசேரியன், ராத்திரியில் மயக்க டாக்டர் உள்ளேயே இருப்பாரா, போன் செய்தால் வருவாரா என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே இடம் எப்படி என்று தெரிந்துவிடும்.

மதுரை, திருச்சி பெரிய ஆஸ்பத்திரி என்பது முன்பே சிக்கல் தெரிந்தவர்களுக்கு. காரைக்குடியிலிருந்து இரண்டுமே 90 கிலோமீட்டர் பக்கம், வலி எடுத்த பிறகு கிளம்பினால் நடுவழியில் பெறுவதற்குத்தான் வாய்ப்பு. போவதென்றால் முன்பே போய் அறை எடுத்துத் தங்க வேண்டும், இரட்டைக் குழந்தையோ நஞ்சுக்கொடி கீழே இருப்பதோ என்றால் அதுதான் சரியும்கூட.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையம். தங்கச்சி இதைக் கேட்டதும் முகம் சுளித்தாள். அவளிடம் நான் சொன்னது இதுதான்: உனக்கு மிட்வைஃப் வேண்டும் என்றால் அவர் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார். நம்ம ஸ்டாஃப் நர்ஸ்கள் செவிலியராக மட்டும் பதிவு செய்தவர்கள் கிடையாது, பேறுகால உதவியாளராகவும் சேர்த்துப் பதிவு செய்தவர்கள். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவத்தைப் பெரும்பாலும் டாக்டர் பார்ப்பதில்லை, அவர்கள்தான் பார்க்கிறார்கள், வருஷம் முழுக்க. இளையவள் பிறந்த அன்று எனக்கு இருந்த நர்ஸம்மா ஐம்பதை நெருங்கியவர். வராந்தாவில் நடக்கச் சொல்லிவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு உட்காரவைத்து, கையடக்க டாப்ளரை வயிற்றில் வைத்து, குதிரை ஓடுகிற மாதிரி வந்த சத்தத்தை எனக்கும் கேட்கவைத்தார், "நூத்தி நாப்பது, நல்லாருக்கான், நீ நட" என்பார். அம்மாச்சி கொண்டுவந்த சுக்குக் காப்பியைக் குடிக்கவும் விட்டார். கத்தரிக்கவில்லை. தலை வரும்போது "முக்காத, ஊது, ஊது" என்று சொல்லிக்கொண்டே கையால் தாங்கினார்.

எல்லா நிலையமும் இப்படி இருக்காது. கத்துகிற நர்ஸும் உண்டு, கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது, புருஷனை உள்ளே விட மாட்டார்கள். கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வெகுகாலமாகவே அனுமதி உள்ள விஷயம், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். சுகாதார நிலையத்தில் ஆபரேஷன் கிடையாது, ரத்தமும் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஊசி, குளுக்கோஸ், பிள்ளைக்கு மாஸ்க் எல்லாம் இருக்கும், ஆம்புலன்ஸில் நர்ஸோடு போகலாம், போகும்போதே அங்கிருந்து போன் போய்விடும். தலைப்பிரசவம், கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது என்றால் நேராகக் காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனைக்கே போய்விடலாம், கூட்டம் அதிகம், கவனிப்பு அவசரமாக இருக்கும், ஆனால் ராத்திரி 2 மணிக்கு அந்தக் கேள்வி வந்தால் பதில் அதே கட்டிடத்தில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் என்றால் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள், ஐம்பது கிலோமீட்டர் பக்கம்.

என் தீர்ப்பு என்ன என்றால், வீட்டில் கிடைக்கும் என்று அவள் ஆசைப்படுகிற எல்லாமே வலியின் முதல் பாதியில் இருக்கிறது. தலைப்பிரசவத்தில் அந்த முதல் பாதி ரொம்ப நீளம், சில பேருக்கு ஒரு ராத்திரியும் ஒரு பகலும்கூட ஆகும். அதை ஏன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிக்க வேண்டும்? சூட்டு வலியா நிஜ வலியா என்று தெரியாத நேரத்தில் ஓடிப்போய்ச் சேர்ந்தால்தான் "இன்னும் திறக்கல" என்று டிரிப் மாட்டுகிற வேலை ஆரம்பிக்கிறது. வீட்டில் வெந்நீரில் குளிக்கலாம், இட்லி சாப்பிடலாம், பட்டாசாலையில் நடக்கலாம், புருஷன் இடுப்பைப் பிடித்துவிடலாம். அவள் விரும்பினால் அந்த மிட்வைஃபும் அப்போது கூட இருக்கட்டும், அதற்கு நான் எதிரி இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் என்றால் கிளம்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு, பள்ளத்தூர் தூரத்துக்கு அதற்கும் முன்னாலேயே. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, கண் மங்கித் தலை வலித்தாலோ எந்தக் கணக்கும் வேண்டாம், உடனே போக வேண்டும். கடைசி மூன்று வாரம் காரைக்குடியிலேயே பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டால் இன்னும் நிம்மதி, வலியின் முதல் பாதியை இன்னும் கொஞ்சம் நீட்டலாம்.

இதுகூட எல்லோருக்கும் பொருந்தாது. முன்பு சிசேரியன் ஆனவர்கள், பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள், பிள்ளை தலைகீழாகத் திரும்பாதவர்கள், 37 வாரம் முடியாதவர்கள், ஹீமோகுளோபின் குறைவாக உள்ளவர்கள் எல்லாம் எப்போது வருவது என்று டாக்டரிடமே கேட்டு அதன்படி நடக்க வேண்டும். இரண்டாவது பிரசவக்காரர்களுக்கு முதல் பாதி சட்டென்று முடிந்துவிடும், எனக்கு முடிந்தது.

ஏழாம் மாதத்திலேயே பிரசவ அறையைப் போய்ப் பாருங்கள். யார் உள்ளே வரலாம், நடக்க விடுவீர்களா, பக்கவாட்டில் படுத்துப் பெறலாமா, கொடித் துடிப்பு நிற்கும்வரை ஒன்றிரண்டு நிமிஷம் பொறுத்து வெட்டுவீர்களா, பிறந்ததும் பிள்ளையை மார்பில் போடுவீர்களா என்று நர்ஸம்மாவிடமே கேளுங்கள். வலியில் கேட்டால் சண்டையாகும், முன்பே கேட்டால் பேச்சாகும். எங்கள் நர்ஸம்மா ஒன்றே ஒன்றுக்குத்தான் கண்டிப்பாக மறுத்தார்: பிள்ளைக்குச் சேனை தொட்டு வைப்பது. சித்தி இப்போதே தேனை எடுத்து வைத்திருக்கிறார், அந்த வாதம் இனிமேல்தான்.

காகித வேலையும் ஒன்று இருக்கிறது. எங்கே பெற்றாலும் 12 வாரத்துக்குள் கிராம செவிலியரிடம் பதிந்து பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு எண் வாங்கிவிடுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும், பெங்களூரில் பார்த்துக்கொண்டு இங்கே பெற வருகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் பிறந்த பிள்ளை என்றால் 21 நாளுக்குள் குடும்பத்தினரே போய்ப் பதிய வேண்டும், ஆஸ்பத்திரி என்றால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். அரசில் பெற்றால், தகுதி உள்ளவர்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும் (அந்த அம்மா நம்ம புதுக்கோட்டைக்காரர்). பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, வைட்டமின் கே ஊசி எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். திரும்பி வருவதற்கு 102-ஐக் கூப்பிட்டால் வண்டி இலவசம், வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு பத்தியம், பூண்டுக் குழம்பு, தொண்டியிலிருந்து வரும் பால்சுறாப் புட்டு, இதிலெல்லாம் அப்பத்தா சொல்வதுதான் சட்டம்.